கடலுக்குப் போகிறவருக்கு எந்தச் சர்க்கரை மாத்திரை?

"எந்தச் சர்க்கரை மாத்திரை நல்லது?" தேவிபட்டினத்திலிருந்து மூக்கையூர் வரை இந்த ராமநாதபுரம் மாவட்டக் கரையில் எந்த மருந்துக் கடையிலும் இந்தக் கேள்வி எழாத நாள் இருக்காது. மருந்தாளுநரான என்னிடம், பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரை அட்டையிலிருந்து கத்தரித்த துண்டை நீட்டி, "அவருக்கு இது நன்றாகக் கேட்கிறது, எனக்கும் இதையே கொடுங்கள்" என்பவர்கள் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பவர். துண்டை நீட்டியவர் விடியுமுன் வல்லத்தில் ஏறுகிறவர். அங்கே கேட்ட மருந்து இங்கே உயிருக்கு உலை வைக்கலாம்.

மருந்துகளை ஒப்பிட நான் மூன்று கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். சர்க்கரையை எவ்வளவு இறக்குகிறது? இதயத்தையும் சிறுநீரகத்தையும் காக்கிறதா? பக்கவிளைவு வந்தால் அது எந்த இடத்தில், எந்த வேளையில் ஆளைப் பிடிக்கும்? முதல் இரண்டுக்கும் பெரிய ஆய்வுகள் விடை சொல்லிவிட்டன. மூன்றாவதற்கான விடை நோயாளியின் தொழிலிலும் சாப்பாட்டு நேரத்திலும் இருக்கிறது. மதுரையில் அலுவலகத்தில் இருப்பவருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கினால் எழுந்து போய் இனிப்பாக ஒரு டீ குடித்துவிடுவார். பாக் நீரிணையில் நள்ளிரவில் வலை இழுத்துக்கொண்டிருப்பவருக்கு அந்த வசதி இல்லை. ராமேசுவரம் தீவில் கரையேறிய பிறகும், மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பாம்பன் பாலம் தாண்டி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்.

இங்கே நான் எழுதுவதெல்லாம் பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயைப் பற்றியது. சிறு வயதில் வரும் முதல் வகைக்கு இன்சுலின்தான் மருந்து. கர்ப்பிணிகளுக்கான கணக்கும் வேறு. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். மருத்துவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவும்.

முதல் மாத்திரை

பெரும்பாலோருக்கு மருத்துவர் முதலில் எழுதுவது மெட்பார்மின். எச்பிஏ1சி எனப்படும் மூன்று மாத ரத்தச் சர்க்கரைச் சராசரியை 1 முதல் 1.5 புள்ளி வரை இறக்கும். தனியாக எடுக்கும்போது சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ விடுவது மிக அரிது. எடையைக் கூட்டாது, விலையும் மிகக் குறைவு. 1998இல் முடிவு வெளியான பிரிட்டன் ஆய்வில், உடல் எடை கூடியவர்களில் இந்த மருந்தை எடுத்தவர்களுக்கு, உணவுக் கட்டுப்பாட்டை மட்டும் நம்பியவர்களைவிட மாரடைப்பு 39 சதவீதம் குறைந்தது. இத்தனை மலிவான ஒரு மாத்திரைக்கு இது பெரிய சான்று. "பழைய மருந்து" என்று இதை இளக்காரமாக நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

குறைகளும் உண்டு. தொடக்கத்தில் பலருக்கு வயிற்றுப்போக்கும் குமட்டலும் வரும். குறைந்த அளவில் ஆரம்பித்து, சாப்பாட்டோடு எடுத்து, மெதுவாகக் கரையும் வகைக்கு மாறினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மெதுவாகக் கரையும் மாத்திரையின் வெற்றுக் கூடு சிலருக்கு மலத்தில் முழு மாத்திரைபோலவே வெளியேறும். மருந்து உடலில் சேர்ந்த பிறகு மிஞ்சுகிற கூடுதான் அது, பயப்பட வேண்டியதில்லை. வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 உடலில் சேர்வது குறையும். தினமும் மீன் சாப்பிடுகிற நமக்கு இந்தக் குறை வராது என்று நினைத்துவிடக்கூடாது. மீனில் பி12 தாராளமாக இருக்கிறது; அதைக் குடல் உறிஞ்சிக்கொள்வதைத்தான் மாத்திரை குறைக்கிறது. கால் மரத்துப்போனால் அது சர்க்கரையால் வந்ததா, பி12 குறைவால் வந்ததா என்று ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது.

சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதைச் சொல்லும் இஜிஎஃப்ஆர் அளவு 30க்குக் கீழே போனால் மெட்பார்மினை நிறுத்த வேண்டும். 45க்குக் கீழே இருப்பவருக்குப் புதிதாகத் தொடங்குவதில்லை. கடும் வயிற்றுப்போக்கு, வாந்தி வரும் நாட்களில் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். இந்த வரம்புகளை மதித்தால், இன்று கையில் இருப்பவற்றில் மிகப் பாதுகாப்பான மருந்துகளில் இது ஒன்று.

சர்க்கரையைத் தாழ்த்திவிடும் மாத்திரைகள்

சிக்கல் இரண்டாவது மாத்திரையில்தான் தொடங்குகிறது. மெட்பார்மின் மட்டும் போதாதபோது நம் நாட்டில் வழக்கமாகச் சேர்ப்பது கிளிமிபிரைடு, கிளிகிளசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவற்றில் ஒன்று. சல்போனைல்யூரியா என்பது இவற்றின் குடும்பப் பெயர். பலர் இதை எடுப்பது தெரியாமலே எடுக்கிறார்கள். "நான் மெட்பார்மின்தான் சாப்பிடுகிறேன்" என்பவரின் அட்டையைத் திருப்பிப் படித்தால் கிளிமிபிரைடும் சேர்ந்த கூட்டு மாத்திரையாக இருக்கும். உங்கள் அட்டையின் பின்புறத்தை இன்றே படித்துப் பாருங்கள். எழுத்து பொடியாக இருந்தால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள்.

இந்தக் குடும்பம் கணையத்தை உந்தி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் உந்தும். எச்பிஏ1சியை 1 முதல் 1.5 வரை வேகமாக இறக்கும், விலையும் குறைவு. அந்த வேகமே கடலில் எமனாகும். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால், அல்லது சாப்பிட்டதற்கு மீறி உடல் உழைத்தால், ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே போகும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பசி, பிறகு குழப்பம், மயக்கம் என்று வரும். படகில் வியர்ப்பதும் களைப்பதும் அன்றாடம் நடப்பதால், கூட இருப்பவர்களுக்கு இது அடையாளம் தெரியாமல் போகலாம். சின்னப்பாலத்திலும் ஏர்வாடிப் பக்கமும் பாசி எடுக்கத் தீவுகளைச் சுற்றி மூழ்குகிற பெண்களை நினைத்துப் பாருங்கள். காலையில் எதையோ அள்ளிப் போட்டுக்கொண்டு போய், மூச்சைப் பிடித்து நீருக்கடியில் இருக்கும் நேரத்தில் சர்க்கரை இறங்கினால் அங்கே உதவ யார் இருக்கிறார்கள்? அவர்களுக்கு இந்த மாத்திரையை எழுதுமுன் மருத்துவருக்கு அவர்களுடைய தொழில் தெரிந்திருக்கவே வேண்டும்.

இந்தக் கரையில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வலை இழுத்த உடல் இரண்டு மாதம் ஓய்ந்திருக்கும், சர்க்கரை ஏறும். மே மாதப் பரிசோதனையில் ஏறிய அளவைப் பார்த்து மருத்துவர் கிளிமிபிரைடின் அளவைக் கூட்டுவார். அப்போதைக்கு அது சரியான முடிவுதான். ஜூன் நடுவில் அதே கூடுதல் அளவோடு கடலுக்குப் போனால், இரண்டு மாதத்துக்குப் பிறகு வரும் கடும் உழைப்பும் கூட்டிய மாத்திரையும் ஒன்றுசேர்ந்து சர்க்கரையை ஒரேயடியாகத் தள்ளிவிடக்கூடும். ஆகவே தடைக்காலம் முடியுமுன் மருத்துவரைப் பார்த்து, "அடுத்த வாரம் கடலுக்குப் போகிறேன், இந்த அளவு வேண்டுமா?" என்று கேட்க வேண்டும்.

குடும்பம் ஒன்றே தவிர மூன்று மாத்திரைகளும் ஒரே தரமல்ல. கிளிபென்கிளமைடு மூன்றிலும் ஆபத்தானது. அதன் வீரியம் உடலில் நெடுநேரம் நிற்கும், சிறுநீரகம் தளர்ந்திருந்தால் இன்னும் நீளும். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலே குறிப்பிடுகிறது. கிளிகிளசைடு இந்தக் குடும்பத்தில் சாது. கிளிமிபிரைடு இரண்டுக்கும் நடுவே. உங்கள் வீட்டுப் பெரியவர் இன்னும் கிளிபென்கிளமைடு எடுத்துக்கொண்டிருந்தால் அடுத்த முறை மருத்துவரிடம் அதைக் கட்டாயம் கேளுங்கள்.

"இந்த மாத்திரை இதயத்தைக் கெடுக்கும்" என்றும் ஒரு பேச்சு பரவியிருக்கிறது. கிளிமிபிரைடைப் பொறுத்தவரை அது உண்மையில்லை. ஆறாயிரம் பேருக்கு மேல் சேர்த்து, ஆறு ஆண்டுகளுக்கு மேல் நடத்தி, 2019இல் வெளியான கரோலினா ஆய்வு கிளிமிபிரைடையும் லினாகிளிப்டினையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. இதயச் சாவு, மாரடைப்பு, பக்கவாதம் மூன்றையும் சேர்த்து எண்ணினால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய நூற்றுக்குப் பன்னிரண்டு. வித்தியாசம் தெரிந்தது தாழ் சர்க்கரையில்தான். கிளிமிபிரைடு எடுத்தவர்களில் நூற்றுக்கு 38 பேருக்கு ஒரு முறையாவது சர்க்கரை தாழ்ந்தது. லினாகிளிப்டின் பக்கம் 11 பேருக்கு. அமெரிக்காவில் ஐயாயிரம் பேரிடம் நடத்திய கிரேடு ஆய்வு, மெட்பார்மினோடு நான்கு மருந்துகளைத் தனித்தனியாகச் சேர்த்து சராசரியாக ஐந்து ஆண்டுகள் பார்த்தது. பிறர் உதவி தேவைப்படுகிற அளவுக்குக் கடுமையான தாழ் சர்க்கரை கிளிமிபிரைடில் 2.2 சதவீதம், சிட்டாகிளிப்டினில் 0.7 சதவீதம். இரண்டு சதவீதம் என்பது கரையில் இருப்பவருக்குச் சிறிய எண். ஒரு நிமிட மயக்கமே உயிரைக் குடிக்கும் இடத்தில் வேலை செய்கிறவருக்கு அதை நான் சிறியதாக எண்ண மாட்டேன்.

விலை காரணமாகவோ சர்க்கரை மிக அதிகமாக இருப்பதாலோ இந்த மாத்திரையைத்தான் எடுக்க வேண்டியிருந்தால், எடுக்கும் முறையில் கவனம் வேண்டும். சாப்பாடு இல்லையென்றால் அந்த வேளை மாத்திரையும் இல்லை. எந்த வேளைக்கு மாத்திரையை மாற்றலாம் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் புகாத பையில் குளுக்கோஸ் பொடி எப்போதும் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மூன்று தேக்கரண்டி சர்க்கரை. சாப்பிட்டு 15 நிமிடம் கழித்தும் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை. தெளிந்த பிறகும் வயிறார ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கரைக்குத் திரும்பிவிட வேண்டும், ஏனென்றால் மாத்திரையின் வேகம் தணியும் வரை சர்க்கரை மறுபடி இறங்கக்கூடும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறி மூச்சடைத்துவிடும். இதைப் படகில் கூட வருகிறவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

கிளிப்டின்கள்

சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின், லினாகிளிப்டின் என, "கிளிப்டின்" என்று முடிபவை அடுத்த குடும்பம். சாப்பிட்ட பிறகு மட்டும் இன்சுலினைத் தூண்டுகிற குடல் ஹார்மோன் சீக்கிரம் சிதையாமல் காப்பது இவற்றின் வேலை. அதனால்தான் வெறும் வயிற்றில் சர்க்கரை தாழ்வது அரிது. எடை கூடுவதில்லை, வயிற்றுத் தொல்லையும் குறைவு. இறக்கும் அளவு 0.5 முதல் 0.8 வரை மட்டுமே. எச்பிஏ1சி 8 என்றிருப்பவருக்கு இது போதும், 11 என்றிருப்பவருக்குப் போதாது. இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ தனியான நன்மை எதையும் இவை காட்டவில்லை. சாக்ஸாகிளிப்டின் மட்டும் 2013இல் வந்த பெரிய ஆய்வில் இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்வதைக் கூட்டியது; இதயம் தளர்ந்தவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். அரிதாகக் கணைய அழற்சி வரலாம். மேல்வயிற்றில் கடும் வலி வந்தால் மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு லினாகிளிப்டின் வசதியானது. அளவைக் குறைக்க வேண்டியதில்லை.

ஒரு காலத்தில் இவை பணக்காரர்களின் மாத்திரையாக இருந்தன. இந்தியாவில் வில்டாகிளிப்டினின் காப்புரிமை 2019 இறுதியிலும் சிட்டாகிளிப்டினின் காப்புரிமை 2022 ஜூலையிலும் முடிந்த பிறகு பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கி, விலை பெரிய அளவில் இறங்கியது. பொதுப் பெயர் மருந்துகளை விற்கும் மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் விசாரித்துப் பார்க்கலாம். கிளிமிபிரைடைவிட விலை கொஞ்சம் கூடினாலும், கடலில் தொழில் செய்கிறவருக்கு இரண்டாவது மாத்திரையாக நான் முதலில் நினைப்பது கிளிப்டினைத்தான்.

உப்பளமும் ஃப்ளோசின் மாத்திரைகளும்

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின் ஆகியவை இந்தப் பத்து ஆண்டுகளில் சர்க்கரை மருத்துவத்தையே மாற்றிய மருந்துகள். ரத்தத்திலிருந்து வடிகட்டிய சர்க்கரையைச் சிறுநீரகம் திரும்ப உறிஞ்சாமல் தடுத்து, சிறுநீரோடு வெளியேற்றிவிடும். இவற்றை எடுப்பவருக்குச் சிறுநீர்ப் பரிசோதனையில் சர்க்கரை எப்போதும் இருக்கும். அதைப் பார்த்து மருந்து கேட்கவில்லை என்று முடிவுகட்டக்கூடாது.

எச்பிஏ1சியை 0.5 முதல் 1 வரைதான் இறக்கும். இவற்றின் பெருமை இதயத்திலும் சிறுநீரகத்திலும் இருக்கிறது. ஏற்கெனவே இதய நோய் இருந்த ஏழாயிரம் பேரிடம் எம்பாகிளிஃப்ளோசினைச் சோதித்து 2015இல் வெளியான ஆய்வில், சுமார் மூன்று ஆண்டுகளில் இதய நோயால் இறந்தவர்கள், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத போலி மாத்திரை கொடுத்த பக்கம் நூற்றுக்கு 5.9, மருந்துப் பக்கம் 3.7. "38 சதவீதம் குறைவு" என்று விளம்பரத்தில் வருவது இந்தக் கணக்குதான். நூறு பேருக்கு இரண்டு உயிர் என்று படித்தால் உள்ளபடி விளங்கும். மூன்றே ஆண்டில் நூற்றுக்கு இரண்டு உயிர் என்பது மிகப் பெரியது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும், சிறுநீரில் புரதம் போகத் தொடங்கியவர்களுக்கும் இந்தக் குடும்பம் வரப்பிரசாதம். டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020 அக்டோபரிலும் எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2025 மார்ச்சிலும் முடிந்ததால் விலையும் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது.

அப்படியானால் எல்லோருக்கும் இதையே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். வாலிநோக்கத்தில் உப்பளத்தில் நிற்கிற ஒருவரை வைத்து யோசித்துப் பாருங்கள். மே மாத வெயில், கீழே வெள்ளை உப்பின் எதிரொளி, காலையிலிருந்து வியர்வை. குடிக்கும் தண்ணீரைக் குடத்தில் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். சர்க்கரை சிறுநீரில் போகும்போது தண்ணீரையும் உப்பையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். நீர் வற்றிய உடலில் ரத்த அழுத்தம் இறங்கி, எழுந்து நின்றால் கண் இருட்டும்; சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறையும். ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பெருக்கும் மாத்திரையும் சேர்த்து எடுப்பவருக்கு இது இரட்டிப்பு ஆபத்து. தண்ணீர்ப் பஞ்சம் தெரியாத ஊர்களுக்காக எழுதிய அறிவுரையில் "போதிய நீர் அருந்தவும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நம் மாவட்டத்தில் அந்த ஒரு வரிதான் முழுப் பிரச்சினையும். வேலையிடத்தில் தண்ணீருக்கும் நிழலுக்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் இந்த மாத்திரையைத் தொடங்க வேண்டும்.

இன்னொரு தொல்லையை, குறிப்பாகப் பெண்கள், வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார்கள். சிறுநீரில் சர்க்கரை இருப்பதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரும். அரிப்பு, வெள்ளைப்படுதல், எரிச்சல். அதே 2015 ஆய்வில் மருந்து எடுத்த பெண்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு வந்தது. போலி மாத்திரைப் பக்கம் மூன்றுக்கும் குறைவு. ஈரத் துணியோடு நாள் முழுக்கக் கடலில் நிற்கிற பெண்களுக்கும், கழுவிக்கொள்ள நல்ல தண்ணீர் கிடைக்காதவர்களுக்கும் இது இன்னும் எளிதாக வரலாம். எளிய பூச்சு மருந்திலேயே பெரும்பாலும் குணமாகிவிடும். கூச்சப்பட்டுச் சொல்லாமல் மாத்திரையை மட்டும் கமுக்கமாக நிறுத்திவிடுவதால்தான் இதயத்துக்குக் கிடைத்த பாதுகாப்பும் போய்விடுகிறது. மருந்துக் கடையில் ஆண்கள் நின்றால் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள்.

அரிதானாலும் உயிரை வாங்கக்கூடியது, சர்க்கரை அதிகம் ஏறாமலே ரத்தம் அமிலமாகிவிடும் கீட்டோ அமில நிலை. வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு வாங்குதல் ஆகியவை இதன் அறிகுறிகள். குளுக்கோமீட்டரில் சர்க்கரை 200 அளவில் நிற்பதால் வீட்டார் வாயு என்றோ, கெட்ட மீன் சாப்பிட்டது என்றோ விட்டுவிடுவார்கள். பட்டினி, கடும் வயிற்றுப்போக்கு, அளவு மீறிய மது, மாவுச்சத்தை முழுக்க ஒதுக்குகிற பேலியோ உணவு, அறுவைச் சிகிச்சை ஆகியவை இதற்கு வழிவிடும். அறுவைச் சிகிச்சைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே ஃப்ளோசினை நிறுத்தச் சொல்வார்கள். காய்ச்சலும் வாந்தியுமாக ஆகாரம் இறங்காத நாட்களிலும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருத்துவமனைக்குள் நுழையும்போதே "ஃப்ளோசின் எடுக்கிறார்" என்று சொல்லிவிடுங்கள். கீட்டோன் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது அவர்களுக்கு உடனே புரிந்துவிடும். பாறையிலும் சிப்பியிலும் கால் கிழிகிற தொழில் உள்ளவர்களுக்கு இன்னொன்று: 2017இல் வந்த ஆய்வில் கானாகிளிஃப்ளோசின் எடுத்தவர்களிடம் கால் விரல், கால் அகற்றல் கூடியது. பின்னால் வந்த ஆய்வில் அது தெரியவில்லை என்றாலும், காலில் ஆறாத புண் இருக்கும்போது கானாகிளிஃப்ளோசின் வேண்டாம் என்றே நான் சொல்வேன்.

மற்றவை

பயோகிளிட்டசோன் சர்க்கரையை நன்றாக இறக்கும், தனியாகத் தாழ விடாது. ஆனால் காலை வீங்கவைக்கும், இதயச் செயலிழப்பைக் கூட்டும், பெண்களுக்கு எலும்பு முறிவை அதிகமாக்கும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் குறித்த சந்தேகத்தால் 2013 ஜூனில் இந்திய அரசு இதை நிறுத்திவைத்து, அடுத்த மாதமே எச்சரிக்கை வாசகத்தோடு திரும்ப அனுமதித்தது. மூன்று மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரைகளில் இது இருக்கிறதா என்று பாருங்கள். வோக்ளிபோஸ் சோற்றிலுள்ள மாவுச்சத்து செரிப்பதைத் தாமதப்படுத்தும். சாப்பிட்ட பின் ஏறுவதை மட்டும் கொஞ்சம் குறைக்கும், வயிறு உப்பும். இதை எடுப்பவருக்கு வேறு மாத்திரையால் சர்க்கரை தாழ்ந்தால் வெள்ளைச் சர்க்கரை சீக்கிரம் கைகொடுக்காது. குளுக்கோஸ் பொடியே வேண்டும்.

சிறுகுறிஞ்சான், ஆவாரம்பூ, நாவல்கொட்டைப் பொடிகளை மாத்திரைக்குப் பதிலாக எடுக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. மேலே சொன்ன மருந்துகளுக்கு நடந்ததுபோல ஆயிரக்கணக்கானவர்களிடம் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வு அவற்றுக்கு இல்லை. மாத்திரையோடு சேர்த்து எடுப்பதாக இருந்தால் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். கருப்பட்டியும் சர்க்கரைதான். சாயல்குடிப் பனையில் இறக்கியது என்பதால் ரத்தத்தில் ஏறாமல் இருக்காது.

ஊசிகள்

வாரம் ஒரு முறை போடும் செமாகுளூட்டைடு, 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்த டிர்செபட்டைடு ஆகியவை எச்பிஏ1சியை 1.5 முதல் 2 வரை இறக்கி, எடையையும் நன்றாகக் குறைக்கும். தனியாக எடுத்தால் தாழ் சர்க்கரை அரிது. குமட்டலும் வாந்தியும் முதல் மாதங்களில் படுத்தும். அலையில் ஆடும் படகில் அது இன்னும் கடினம். பித்தப்பைக் கல், கணைய அழற்சி பற்றிய எச்சரிக்கைகள் உண்டு. விலை எளிய மீனவக் குடும்பத்தால் மாதாமாதம் தாங்கக்கூடியதாக இல்லை. இதய நோயும் அதிக எடையும் உள்ளவருக்கு, பணம் இடம் கொடுத்தால், நல்ல தேர்வு.

இன்சுலினைத் தண்டனையாகப் பார்க்கும் பழக்கம்தான் இந்தக் கரையில் என்னை மிகவும் வாட்டுவது. எச்பிஏ1சி 11, 12 என்று ஏறி, உடல் மெலிந்து, புண் ஆறாமல் இருப்பவருக்கு இன்சுலினைப்போல எதுவும் கேட்காது. சர்க்கரை கட்டுக்குள் வந்தபின் பலர் மாத்திரைக்குத் திரும்பியும் விடலாம். தாழ் சர்க்கரை ஆபத்து இதிலும் இருப்பதால் மேலே சொன்ன குளுக்கோஸ் பொடி எல்லாம் இதற்கும் பொருந்தும். ஊசிக்குழலில் கவனம் தேவை. குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி ஊசி. 100 யூனிட் இன்சுலினுக்கு ஆரஞ்சு மூடி ஊசி. மாற்றிப் போட்டால் இரண்டரை மடங்கு கூடவோ குறையவோ போகும்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், திறந்த குப்பியை ஈர மணலிட்ட மண்பானைக்குள் சிறு டப்பாவில் நிழலில் வைத்தால் வெயில் காலத்தையும் சமாளிக்கலாம். திறந்து நான்கு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். கடலுக்கு எடுத்துப் போகிறவர்கள் மீன் பெட்டியின் ஐஸில் புதைத்து வைக்கவே கூடாது. உறைந்த இன்சுலின் பார்க்க அப்படியே இருந்தாலும் வேலை செய்யாது.

நோன்பு வைப்பவர்களுக்கு

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி ஊர்களில் ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மெட்பார்மின், கிளிப்டின் எடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் நேர மாற்றம் மட்டும் போதும். தினமும் ஒரு வேளை எடுக்கும் கிளிமிபிரைடை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றுவார்கள். கிளிபென்கிளமைடு அந்த மாதத்தில் வேண்டவே வேண்டாம். ஃப்ளோசினைப் பழகியவர்கள் நோன்பு திறந்தபின் எடுத்து இரவு முழுக்க நன்றாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். ரமலான் நெருங்கும்போது புதிதாகத் தொடங்கக்கூடாது. பகலில் விரல் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்று மார்க்க அறிஞர்கள் சொல்கிறார்கள். சர்க்கரை 70க்குக் கீழோ 300க்கு மேலோ போனால் நோன்பைத் திறந்துவிட வேண்டும்.

என் தேர்வு

நாற்பத்தைந்து வயது, சிறுநீரகமும் இதயமும் நன்றாக இருக்கிறது, நாட்டுப்படகில் போகிறவர்: மெட்பார்மின், போதாவிட்டால் கிளிப்டின். மாரடைப்பு வந்து தேறியவர் அல்லது சிறுநீரில் புரதம் போகிறவர்: தண்ணீருக்கு வழி இருந்தால் ஃப்ளோசின், வெயிலில் நிற்கும் தொழில் என்றாலும் மருத்துவரோடு பேசி அதற்கு வழிபார்க்கவே நான் முயல்வேன், ஏனென்றால் அவருக்கு அதன் நன்மை அவ்வளவு பெரியது. எழுபது வயதைத் தாண்டி, வீட்டில் தனியாக இருந்து, எப்போது சாப்பிடுவோம் என்று தெரியாத பாட்டிக்கு லினாகிளிப்டின் போன்ற சாதுவான மருந்து. எச்பிஏ1சி 8 அளவில் நின்றாலே போதும். எச்பிஏ1சியை 6க்குக் கீழே கொண்டுவர அளவுமீறி முயன்ற அக்கார்டு ஆய்வில் சாவு கூடியதால், 2008இல் அந்தப் பிரிவையே நிறுத்தினார்கள். கைப்பிடிக்குள் வருமானம் உள்ள, கரையில் நேரத்துக்குச் சாப்பிட்டு வேலை செய்கிறவருக்குக் கிளிமிபிரைடோ கிளிகிளசைடோ குறைவான தேர்வில்லை, தயங்காமல் எடுக்கலாம்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, 2021 முதல் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்துப் பணியாளரிடமோ பேசும்போது நான்கு விஷயங்களை நீங்களாகவே சொல்லிவிடுங்கள்: என்ன தொழில், எத்தனை மணிக்குச் சாப்பாடு, வேலையிடத்தில் எவ்வளவு தண்ணீர், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை கடைசியாக எப்போது பார்த்தது. அவர்கள் கேட்க நேரமில்லாமல் விட்டாலும் சொல்லுங்கள். பழைய அட்டைகளைத் தூக்கி எறியாமல் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள்.